தரிசு என்று நான் எழுதிய நிலம்

அன்புள்ள பிரான்சிஸ்,

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதோடு நம் பங்குக் கோயில் மாத இதழுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை அம்மா ஊருக்குச் சொல்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் செய்த தவறு அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு அதன் நகலை வாங்கலாம். தவறு அப்படி ஊரறியக் கிடக்கும்போது, அதை ஒத்துக்கொள்வது மட்டும் உன் காதோடு முடிந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட எனக்கு உரிமையில்லை. உன் கம்பெனியின் பெயரையும் அந்தக் கிராமத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். என் பெயரைப் போடவில்லை. பங்கில் எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

போன மாதம் நீ எனக்கு அனுப்பிய அறிக்கையை நல்லம்பள்ளி ஜெராக்ஸ் கடையில் காகிதமாக எடுத்து, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். "முதல் பக்கத்துல என் பேரு இருக்கு பாருங்கம்மா" என்று மட்டும்தான் நீ சொல்லியிருந்தாய். முதல் பக்கத்தோடு நான் நிறுத்தியிருந்தால் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இருபது வருடத்துக்கு மேல் பதிவேடு படித்துப் பழகியவளுக்குக் காகிதத்தைக் கையில் கொடுத்தால் கடைசிப் பக்கம் வரை போகாமல் இருக்க முடியாது. ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனாலும் நீ எழுதியது விளங்கியது. சிங்கப்பூரில் காற்றாலை வைத்தால் கட்டுப்படியாகுமா என்பதுதான் உனக்குக் கொடுத்த கேள்வி. ஆகாது என்று நீ சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே காற்றுக்கு வேகம் போதாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இடம். ஒரு காற்றாலைக்கும் அடுத்த காற்றாலைக்கும் நடுவே நிறைய வெற்றிடம் விட வேண்டும், இல்லையென்றால் முன்னால் நிற்பது பின்னால் நிற்பதன் காற்றைத் தின்றுவிடும். வீடுகளிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். அந்தத் தீவில் ஒவ்வொரு துண்டு நிலத்திலும் வீடோ, துறைமுகமோ, நீர்த்தேக்கமோ இருக்கிறது, அல்லது வரப்போகிறது. காற்றாலைக்கு என்று ஓர் இடத்தை ஒதுக்கினால், அங்கே வேறு என்ன இருந்திருக்கும் என்பதையும் செலவாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். சேர்த்துப் பார்த்தால் அந்த மின்சாரத்தை யாராலும் வாங்க முடியாது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நிலம் என்றால் என்னவென்று என் மகனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்கடுத்த பகுதியில்தான் நம் மாவட்டம் வந்தது. சிங்கப்பூரில் இடமில்லை, ஆனால் கம்பெனி சுத்தமான மின்சாரம் உற்பத்தி செய்வதாகக் காட்டியாக வேண்டும். அதனால் காற்றும் இடமும் உள்ள வேறு நாட்டில் காற்றாலை வைத்து, அதன் பெயரை அங்கே எடுத்துக்கொள்வது. இங்கே சுற்றும் விசிறிக்கு அங்கே நற்பெயர். அப்படித் தேர்ந்தெடுத்த இடங்களில் மூன்றாவது, ஏரியூருக்கு அப்பால் இருக்கும் அந்தக் கரடு, அந்தப் பாறைக் குன்று. பின்னிணைப்பில் சர்வே நம்பர்களைப் பட்டியல் போட்டிருந்தாய். அந்த நம்பர்களை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும். ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே ஒரே வார்த்தை. தரிசு. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், காற்றாலை வருவதால் விவசாய இழப்பு எவ்வளவு என்ற இடத்தில், எல்லாவற்றுக்கும் பூச்சியம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உனக்குப் போன் செய்தேன். நான் என்ன கேட்கப் போகிறேன் என்று தெரியாமல் நீயே முந்திக்கொண்டு பேசினாய். "அம்மா, நான் அடுத்த வாரம் ரெண்டு பேரோட அங்க வர்றேன். அது நீங்க வேல பாத்த ஊருதான? நிலத்துக்காரங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. ஒரு வார்த்த சொல்லி வைங்க. இது முடிஞ்சா எனக்கு மேனேஜர் போஸ்ட்டு."

"அங்க வெள்ளாம இருக்குதே கண்ணு" என்றேன்.

"இல்லம்மா. மொத்தமும் தரிசு. உங்க ரெக்கார்டுலயே அப்படித்தான் இருக்கு."

உங்க ரெக்கார்டு என்று நீ சொன்னது அரசாங்க ரெக்கார்டு என்ற பொருளில். அது என் கையெழுத்து என்று உனக்குத் தெரியாது. சாப்பாடு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது உனக்கு நான்கு வயது. பரீட்சை எழுதி நான் வி.ஏ.ஓ. வேலைக்கு வந்ததை நீ உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வாய். அந்த வேலையின் அடிப்படை என்னவென்று உனக்கு நான் சொன்னதில்லை. அடங்கல் என்று ஒரு பதிவேடு உண்டு. கிராமத்தில் எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு போகத்துக்கும் வயல் வயலாக நடந்து போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஆற்றோரத்து நஞ்சை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கம், அதைப் பார்த்தேன். கரட்டுச் சரிவில் இருந்த மானாவாரி மேட்டுக்காடுகளுக்கு ஒரு மணி நேரம் ஏற வேண்டும். முதல் வருடம் இரண்டு முறை ஏறினேன். அந்த வருடம் மழை பொய்த்துப் பாதிக் காடு சும்மா கிடந்தது. தரிசு என்று எழுதினேன், அது உண்மை. அடுத்த வருடம் நான் ஏறவில்லை. போன வருடத்துப் பக்கத்தைப் பார்த்து இந்த வருடத்துப் பக்கத்தில் எழுதினேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே. வெயில், தனியாளாக ஏறப் பயம், நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் என்று எனக்குள் காரணங்கள் இருந்தன. மழை பெய்தது, அந்தக் காடுகளில் கேழ்வரகும் அவரையும் கொள்ளும் விளைந்தன. என் பதிவேட்டில் மட்டும் மழை பெய்யவில்லை.

அங்கே கெம்பம்மா என்று ஒரு பெண்மணி இருந்தார். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். புருஷன் இறந்துவிட்டார். இரண்டு ஏக்கர் காடு, பட்டா மாமனார் பெயரில். புருஷனின் அண்ணன் ஓசூரில் போய்க் குடியேறி இருபது வருடம் ஆகியிருந்தது, காட்டை எட்டிப் பார்த்தது கிடையாது. உழுததும் விதைத்ததும் கெம்பம்மாதான். அந்தச் சமயத்தில் ஒரு காற்றாலைக் கம்பெனி கரட்டுக்கு வந்தது. உன் கம்பெனி அல்ல, அது வேறு, இப்போது இல்லாமலே போய்விட்டது. ஓசூர்க்காரர் இரண்டு ஏக்கரையும் தன் நிலம் என்று விற்க ஒத்துக்கொண்டார். நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற கேள்வி வந்தால் பார்க்கும் முதல் பதிவேடு அடங்கல். அதில் கெம்பம்மா பெயர் வந்திருந்தால் அந்த விற்பனை அப்படி நடந்திருக்காது.

கார்த்திகை மாதம் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். முந்தானையில் கட்டிக் கொண்டுவந்த கேழ்வரகுக் கதிர்களை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தார். ஒரு கை அளவு இருக்கும். அறுத்த இடத்தில் இன்னும் பச்சை இருந்தது.

"தரிசுன்னு எழுதி இருக்குதாமே. இது எங்க காட்டு ராகிம்மா. நீங்க ஒரு நட வந்து பாருங்க. இப்பவே வேணாலும் வாங்க, நான் கூட்டினு போறேன்."

வெளியே மூன்று பேர் சான்றிதழுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நான் எழுதியது பொய் என்று அவர்கள் முன்னால் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு. அதனால் நான் சொன்னேன்: "ராகி எங்கிருந்து வேணா கொண்டாரலாம். இது உங்க காட்டுல வெளஞ்சதுன்னு ராகியிலயா எழுதியிருக்குது?"

வெளியே நின்ற ஒருவர் சிரித்தார். கெம்பம்மா கதிர்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். மேசையில் உதிர்ந்து கிடந்ததையும் கையால் கூட்டி எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே நான் அவர் பின்னால் ஏறியிருந்தால் எழுதியதைத் திருத்த வழி இருந்தது.

திருத்தாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் நான் எழுதிய அடங்கல் மாதிரி ஆகிவிடும். அந்தக் கம்பெனிக்காக நிலம் பேசியவர் எனக்குப் பணம் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. வாங்காததை இத்தனை வருடமும் உன்னிடமும் மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் எழுந்து போகும்போது, "பையன் அஞ்சாவதுங்களா? தருமபுரி இங்கிலீஷ் ஸ்கூல்ல எனக்கு வேண்டப்பட்டவர் இருக்காருங்க. சீட்டுக்கு நான் சொல்றேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஜூன் மாதம் உனக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது. நுழைவுத் தேர்வில் நீ நல்ல மார்க் எடுத்ததால்தான் கிடைத்தது என்று உன்னிடம் சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நுழைவுத் தேர்வு எழுதிய முந்நூறு பேரில் உன் இடம் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நான் கேட்கவும் இல்லை. நீ படிக்கிற பையன். அரசுப் பள்ளியில் இருந்திருந்தாலும் மேலே வந்திருப்பாய். அதை நிரூபிக்கும் வாய்ப்பை உனக்குக் கொடுக்காமல் செய்தவள் நான்.

வருடம் தவறாமல் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். மாமியாரிடம் கோபப்பட்டதை, பூசைக்குப் போகாததை, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசியதை எல்லாம் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை பிரான்சிஸ், பாவம் என்றே தோன்றவில்லை. ஒரு கட்டத்தில் ஒரு வார்த்தை எழுதுவது பாவமாகுமா என்றுதான் இருந்தேன்.

கம்பெனி சரிவை வெட்டி ரோடு போட்டது, கெம்பம்மா காட்டு நடுவே கான்கிரீட் கொட்டிக் காத்தாடியை நிறுத்தியது. முதல் ஆடியில் அது சுற்றியதைப் பார்க்க வேன் வைத்து ஜனம் போனது. ஆடியும் ஆவணியும் போன பிறகு பெரும்பாலான நாள் நின்றுகொண்டிருந்தது. பலத்த காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் அளந்துவிட்டு வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நாலைந்து வருடத்தில் கம்பெனி கை மாறியது, பிறகு காவல்காரரும் போய்விட்டார். அதற்குள் கெம்பம்மா மகனைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். நானும் மாற்றலாகி இண்டூர் பக்கம் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்களும் கரட்டில் ஏறவில்லை போலிருக்கிறது. நான் எழுதியதைப் பார்த்து அவர்கள் எழுதினார்கள், அவர்கள் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், கம்ப்யூட்டரில் இருந்ததை நீ எடுத்துக்கொண்டாய்.

திங்கட்கிழமை காலையில் பஸ் பிடித்து ஏரியூர் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். கரட்டு ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. இந்த முட்டியோடு ஏற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஐப்பசி மழை இந்த வருடம் நன்றாக இருந்ததால் இரண்டு பக்கமும் கேழ்வரகு கதிர் வாங்கி நின்றது, ஊடே அவரைக்கொடி. காத்தாடியின் ஒரு இறக்கை பாதியில் முறிந்திருந்தது. அதன் அடியில் கான்கிரீட்டைச் சுற்றி, வட்டமாக, ஒரு முழம் இடம்கூட விடாமல் பயிர் வைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு பெண்கள் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வயதானவர், கெம்பம்மா, என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த மருமகளிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். வி.ஏ.ஓ. என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது.

"பெங்களூர்லருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"ஆறு வருசமாச்சி. மேலருந்து உழுந்து இடுப்பு போச்சி. வேலைக்கு ஆவாதுன்னு அனுப்பிட்டாங்கோ. வந்து பாத்தா காத்தாடி நின்னுனு கெடக்குது. கேக்க ஆளு இல்ல. நானே வெதைச்சினேன்." களை பிடுங்கிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "இப்ப எதுக்குங்க வந்தீங்க? மறுபடியும் காத்தாடியா? போன மாசம் ரெண்டு பேரு வந்து போட்டோ புடிச்சினு போனாங்கோ."

"ஆமாங்க. என் பையன் வேல பாக்கற கம்பெனி."

அவர் பிடுங்கிய களையை வரப்பில் போட்டார். "உங்க பையன் எந்த ஊர்ல இருக்கறாரு?"

"சிங்கப்பூர்ல."

"அங்க காத்து இல்லீங்களா?"

"காத்து கொஞ்சம் இருக்குதுங்க. எடந்தான் இல்ல."

"இங்க இருக்குதுங்களா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. நான் படித்தவள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டது போலத்தான் இருந்தது. அன்றைக்கு என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி, நான் செய்தது தப்பு என்றேன். "அது ஆயிப்போச்சி" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்து களையைப் பிடுங்க ஆரம்பித்தார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மருமகள் மட்டும், "வெயில் ஏறுது, எறங்கிப் போங்கம்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் உனக்கு எல்லாவற்றையும் போனில் சொன்னேன். பள்ளிக்கூட சீட்டைத் தவிர எல்லாவற்றையும். நீ பொறுமையாகத்தான் கேட்டாய். கேட்டுவிட்டு, "பேப்பர்ல என்ன இருக்கோ அதத்தாம்மா நாங்க எடுத்துக்க முடியும். அந்தம்மாவுக்கு டாக்குமென்ட் ஒண்ணும் இல்ல. இப்ப வர்ற காத்தாடி உயரமானது, மேல காத்து நல்லா இருக்கு, இது ஓடும். நாட்டுக்குக் கரண்ட் வேண்டாமா?" என்றாய். வேண்டும். நான் காற்றாலைக்கு எதிரி கிடையாது. நிலக்கரிப் புகையில் இருமுகிறவர்களும் மனிதர்கள்தான். உன் காத்தாடி ஓடும் என்றும் நம்புகிறேன், நீ அளந்ததில் தப்பு இருக்காது. நான் கேட்பது ஒன்றுதான். சிங்கப்பூரில் ஒரு துண்டு நிலத்தை எடுத்தால் அங்கே வேறு என்ன இருந்திருக்கும் என்று யோசித்து அதைச் செலவில் சேர்த்தாயே, இங்கே ஏன் சேர்க்கவில்லை? கெம்பம்மாவுக்கு இரண்டு ஏக்கர்தான் நாடு. அவரைவிட இடம் குறைந்தவர் உன் தீவில்கூட எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த இழப்பையும் போட்டுப் பார்த்த பிறகும் கட்டுப்படியாகிறதென்றால், அதை அவருக்குக் கொடுத்துவிட்டுக் காத்தாடி வையுங்கள். கட்டுப்படியாகவில்லையென்றால், அங்கே ஆகாதது இங்கேயும் ஆகாது. இதை நான் சொன்னதும் நீ, "அம்மா, நீங்க எழுதினது தப்புன்னா அத நீங்க அப்பவே சரி பண்ணியிருக்கணும். இப்ப என் தலையில கட்டாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாய். நீ சொன்னதில் முதல் பாதி சரி.

புதன்கிழமை தாலுகா அலுவலகத்துக்குப் போய் எழுத்து மூலமாக வாக்குமூலம் கொடுத்தேன். இத்தனை போகத்துக்கு நேரில் பார்க்காமல் தரிசு என்று எழுதினேன், அந்த வருடங்களில் அங்கே பயிர் இருந்தது, பயிர் வைத்தவர் இன்னார், அதற்குச் சாட்சியாக அவர் கதிரோடு வந்தபோது நான் விசாரிக்க மறுத்தேன் என்று. தாசில்தார் உன் வயதுக்காரர். இரண்டு முறை படித்துவிட்டு, "அம்மா, ரிட்டயர் ஆயி நிம்மதியா இருக்கீங்க. இத வெச்சு உங்க பென்ஷன்ல கை வைக்க முடியும், தெரியுங்களா? பழைய அடங்கல இனிமே திருத்த முடியாது. ஃபைல்ல வேணா சேக்கலாம். அந்தம்மாவுக்குப் பெருசா பிரயோஜனம் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். சேர்த்துவிடுங்கள் என்றேன். பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்து நகல் வாங்கிக்கொண்டேன். அந்த நகலில் ஒன்றை, நான் உன் அம்மா என்று ஒரு வரி சேர்த்து, உன் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும் விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். உன் மேலதிகாரி அதைப் படிக்கும்போது கீழே இருக்கும் பெயர் உன் அம்மாவுடையது என்று தெரிந்துகொள்வார். உனக்கு வரவேண்டிய மேனேஜர் வேலை வராமல் போகலாம். தெரிந்தேதான் அனுப்பினேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நியாயமானதைச் செய்தால் மனம் லேசாகும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு சகவேலைக்காரியாக மட்டும் சொல்கிறேன், நாம் இருவரும் கட்டங்களை நிரப்பிச் சம்பளம் வாங்கியவர்கள். ஒரு கட்டத்தில் பூச்சியம் போடுவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு நடந்து போ. ஒரு மணி நேரம் ஏற வேண்டியிருந்தாலும் போ. நடக்காமல் நான் எழுதிய தரிசு என்ற வார்த்தையை அழிக்க இருபத்திரண்டு வருடம் கழித்து ஏறினேன், அப்போதும் அது அழியவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இட ஆய்வு என்று, என் வாக்குமூலத்தில் பெயர் இருப்பதால், தாலுகாவிலிருந்து கெம்பம்மாவுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. கம்பெனிக்காரர்களும் வருவார்கள் என்று அதில் போட்டிருக்கிறது, அப்படியென்றால் நீயும் வருவாய். நான் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போய் கெம்பம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அவர் கூப்பிடவில்லை, போகச் சொன்னாலும் போக மாட்டேன். உன்னோடு வருகிறவர்கள் முன்னால் என்னைத் தெரியாதவன் போல நடந்துகொள்ள வேண்டியிருந்தால் அப்படியே நடந்துகொள், நான் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் பொறுத்துக்கொள்வேன். ஏரியூருக்குத் திரும்ப ஒன்றரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. நான் அதில்தான் வருவேன். நீ கம்பெனிக் காரிலேயே போய்விடுகிறாயா, என்னோடு பஸ்ஸில் வருகிறாயா என்பதை அங்கே வந்து முடிவு செய்துகொள்.

அம்மா